மலைவீட்டில் ஒரு கையெழுத்து



கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் பங்கு இல்லத்தின் வாசல் அமைதியாகிவிடும். மறைக்கல்வி வகுப்புகள் இல்லை. பீடச் சிறுவர்களில் பாதிப் பேர் பாட்டி வீட்டுக்குச் சென்றிருப்பர். ஞாயிறு பூசையில் வழக்கமாக நெருக்கியடித்து அமரும் குடும்பங்கள் சிலவற்றைக் காணோமே என்று விசாரித்தால், "அவர்கள் குடும்பத்தார் எல்லோரும் ஓரிடத்தில் கூடியிருக்கிறார்கள், சாமி" என்று அண்டை வீட்டார் விடை கூறுவர். கேட்க மகிழ்ச்சியாயிருக்கும். உறவினர் ஒருவரையொருவர் திருமண வீட்டிலும் துக்க வீட்டிலும் மட்டுமே காணும் இக்காலத்தில், சும்மா கூடியிருப்பதற்கென்றே ஒரு குடும்பம் கூடுவது பெரிய காரியம்.

ஆயினும் கூடுதல் வேறு, ஒன்றாயிருத்தல் வேறு. இவ்வேறுபாட்டை நான் குருமடத்தில் கற்கவில்லை. என் உடன்பிறந்தோரிடையே, எங்கள் மலைவீட்டின் தாழ்வாரத்தில், நானே செய்த தவறு ஒன்றின் வழியாகக் கற்றேன். அதை இந்தப் பக்கத்தில் எழுத வேண்டுமென்று பல மாதங்களாக எண்ணியதுண்டு. துணிவு இப்போதுதான் வந்தது. உடன்பிறந்தோரிடம் இசைவு பெற்ற பின்னரே எழுதுகிறேன்.

எங்கள் மலைவீடு

கொடைக்கானலை அறியாத தமிழர் இலர். 1845-ஆம் ஆண்டில் அமெரிக்க மறைபரப்பாளர் சிலர், சமவெளியின் வெப்பத்துக்கும் நோய்க்கும் தப்ப எண்ணி அங்கே முதல் இரு வீடுகளைக் கட்டினர். அன்று தொடங்கிய கோடைப் பயணம் இன்று பெருவெள்ளமாகிவிட்டது. 2024-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் முதல், உயர்நீதிமன்ற ஆணைப்படி, மலையேறும் வண்டிகள் மின் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டிய நிலை வந்தது என்றால் கூட்டத்தை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

எங்கள் வீடு அந்த ஆரவாரத்தில் இல்லை. அதே பழனி மலைத்தொடரின் கீழ்ப்பகுதியில், காபி விளையும் உயரத்தில், தாண்டிக்குடிப் பக்கம் இருக்கிறது. வத்தலக்குண்டில் பேருந்து ஏறி, பெரும்பாறையையும் தடியன்குடிசையையும் கடந்து, இறங்கிய இடத்திலிருந்து அரை மணி நேரம் ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டும். நான்கு ஏக்கர்த் தோட்டம். நடுவே தகரக் கூரை வேய்ந்த இரண்டு அறைகளும் ஒரு நீண்ட தாழ்வாரமும். முன்புறம் காபிக் கொட்டை உலர்த்தும் களம். பின்புறம் ஊற்றிலிருந்து குழாய் வழியாக வந்து, கல்தொட்டியில் இரவும் பகலும் விழுந்துகொண்டிருக்கும் தண்ணீர். வீட்டில் கட்டில் கிடையாது, பாய்கள் உண்டு. கைப்பேசிக்கு அலைவரிசை கிடைப்பது, தோட்டத்தின் மேல்மூலையில் உள்ள பாறையின்மேல் ஏறி நின்றால் மட்டுமே.

இந்தத் தோட்டத்தை என் தந்தையார் தம் இளமையில் மலைவாழைக்காக வாங்கினார். விருப்பாட்சி வாழையும் சிறுமலை வாழையும் எங்கள் மலைகளின் செல்வம். சிறிய பழம், தடித்த தோல், நாட்கள் செல்லச் செல்லச் சுவை கூடுமே தவிரக் குறையாது. பின்னாளில் புவிசார் குறியீடும் பெற்ற பழங்கள் இவை. ஆனால் 1970-களில் முடிக்கொத்து நோய் வந்து தோட்டங்களை அழித்தது. வாழை அசுவினி என்னும் சிறு பூச்சி ஒரு மரத்திலிருந்து மறு மரத்துக்கு அந்த நச்சுக்கிருமியைக் கொண்டுசெல்லும். இலைகள் குறுகி, நுனியில் கொத்தாகக் குவிந்து நிற்கும். மரம் குலை தள்ளாது. நோய் கண்ட மரத்தைக் கிழங்கோடு அகழ்ந்து அழிப்பதைத் தவிர வேறு வழியில்லை. என் தந்தையார் ஒரு கோடைக்காலம் முழுவதும் தாம் நட்டவற்றைத் தம் கையாலேயே தோண்டியெடுத்தார் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் அப்போது சிறு பிள்ளை.

வாழை போன பிறகு, இருந்த காபிச் செடிகளை நம்பி வாழ வேண்டியதாயிற்று. அவற்றைப் பெருக்கிப் பலன் காண ஆண்டுகள் பல ஆயின. அந்த ஆண்டுகளில் எங்களுக்குச் சோறு போட்டவர் யார் என்பதைப் பிறகு கூறுவேன். கதையின் முடிச்சே அங்குதான் இருக்கிறது.

26 பேர், நான்கு நாட்கள்

நாங்கள் உடன்பிறந்தோர் ஐவர். மூத்தவர் அக்கா, அடுத்து அண்ணன், பிறகு நான், எனக்குப் பின் தங்கை, கடைசியில் தம்பி. தந்தையார் 2009-இல் இறைவனடி சேர்ந்தார். அம்மா இருந்தவரை, ஆண்டுதோறும் மே மாதத்தின் இரண்டாம் வாரத்தில் நாங்கள் எல்லோரும் மலைவீட்டில் கூடுவது தவறியதில்லை. அம்மா மறைந்த மறு ஆண்டும் கூடினோம். நான் சொல்லப்போவது அந்த ஆண்டின் கூட்டத்தைப் பற்றி.

மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லோருமாக அன்று 26 பேர். கீழே அனல் வீசுகிறது. மேலே வந்தால் அதிகாலையில் கம்பளி கேட்கிறது. மார்ச், ஏப்ரலில் பெய்த மழைக்குப் பூத்த காபிப் பூக்கள் உதிர்ந்து, பச்சைக் காய்கள் மணிமணியாய்ப் பிடித்திருந்தன. நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடிகள் ஏறியிருந்தன. பிற்பகல்தோறும் மூன்று மணிக்கு மேகம் திரளும். தகரக் கூரையின்மேல் மழை கொட்டும்போது ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேளாது. மழை விட்டதும் பிள்ளைகள் காபிச் செடிகளுக்கிடையே ஓடுவர். திரும்பி வந்து காலில் ஏறிய அட்டைகளை உப்பிட்டு உதிர்ப்பர். ஒருநாள் இரவு காட்டுமாடுகள் களத்தின் ஓரம் வரை வந்து நின்றன. பிள்ளைகள் ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு சன்னல் வழியே பார்த்தனர்.

நகரத்தில் வளரும் நம் பிள்ளைகள் உறவு முறைகளைக் கற்பது இத்தகைய இடங்களில்தான். "இவர் உனக்குச் சித்தப்பா, இவர் மாமா, இவளை நீ மதினி என்று அழைக்க வேண்டும்" என்று ஒருமுறை சொன்னால் போதும். நான்கு நாட்கள் ஒரே பாயில் உறங்கியெழுந்த பிறகு அது மறவாது. என்னைச் சிலர் "சாமி சித்தப்பா" என்பர். சிலர் "சாமி மாமா" என்பர். ஒரு சிறுமி இரண்டையும் சேர்த்தே அழைத்துவிட்டு ஓடுவாள்.

மாலையில் செபமாலை. அதன் பின் பலாப்பழமும் கட்டங்காப்பியும். அம்மா அமரும் இடத்தில் யாரும் அமரவில்லை. அதைப் பற்றி யாரும் பேசவுமில்லை.

ஒன்றை மட்டும் நான் இரண்டாம் நாள்தான் கவனித்தேன். அத்தனை பேருக்கும் விறகடுப்பில் மூன்று வேளை சமைத்தவர் அக்கா. பெண்கள் பிறர் உதவினர், உண்மை. ஆயினும் முதல் ஆளாய் எழுந்து அடுப்பு மூட்டியவரும், கடைசி ஆளாய்ப் பாத்திரம் கவிழ்த்தவரும் அவரே. அவருக்கு அறுபதைக் கடந்த வயது, முழங்காலில் வலி. ஓய்வுக்காக நாங்கள் கூடிய இடத்தில் அவர் ஒருமுறையேனும் சுவரில் சாய்ந்து அமர்ந்ததை நான் காணவில்லை. கண்டும், "அக்காவின் கைச்சமையல் போல் வருமா?" என்று புகழ்ந்துவிட்டு இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டேன்.

தம்பி கொண்டுவந்த காகிதம்

மூன்றாம் நாள் மாலை, தம்பி என்னை மேல்மூலைப் பாறைக்கு அழைத்துச் சென்றான். சட்டைப் பையிலிருந்து தட்டச்சு செய்த சில தாள்களை எடுத்தான். தோட்டத்தை வாங்க ஒருவர் வந்திருக்கிறாராம். விடுதி கட்டும் எண்ணம் உடையவர். நல்ல விலை தருகிறாராம். ஆனால் அதற்கு முன் அக்காவும் தங்கையும் தங்களுக்கு இச்சொத்தில் உரிமை எதுவும் இல்லையென விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். திங்கட்கிழமை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடலாம்.

"தங்கச்சி சரியென்று சொல்லிவிட்டது. அக்காதான் வாயே திறக்கவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அண்ணே. உங்கள் சொல்லை அக்கா தட்டாது" என்றான்.

அவனைப் பேராசைக்காரன் என்று எண்ணிவிடாதீர்கள். அவனுடைய மகள் செவிலியர் படிப்பில் சேர்ந்திருந்தாள். கட்டணத்துக்காக வாங்கிய கடன் வட்டியோடு வளர்ந்திருந்தது. இரவில் உறக்கமின்றித் தவிக்கும் ஒரு தகப்பனின் முகத்தைத்தான் அந்தப் பாறையின்மேல் நான் கண்டேன். "பேசிப் பார்க்கிறேன்" என்றேன். அந்தத் தாள்களை நான் வாசிக்கவில்லை.

அன்றிரவு எல்லோரும் உறங்கிய பின், அக்கா தாழ்வாரத்தில் அமர்ந்து மறுநாளைக்கு வேண்டிய பூண்டை உரித்துக்கொண்டிருந்தார். அருகே சென்று அமர்ந்தேன். குடும்ப ஒற்றுமையைப் பற்றிப் பேசினேன். உலகப் பொருள் நிலையற்றது என்றேன். "அம்மா இருந்தால் பிள்ளைகள் சண்டையின்றி இருப்பதைத்தானே விரும்பியிருப்பார்? விட்டுக்கொடுத்துவிடுங்களேன், அக்கா" என்றேன். ஞாயிறுதோறும் நான் நிகழ்த்தும் மறையுரைகளைவிட அது நன்றாகவே அமைந்தது.

நான் குருப்பட்டம் பெற்ற நாள் முதல் அக்கா என்னைச் "சாமி" என்றுதான் அழைப்பார். அன்றிரவு அவ்வாறு அழைக்கவில்லை.

"தம்பி, ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டுமானால் அது முதலில் என் கையில் இருக்க வேண்டாமா? 'இது உனக்கும் உரியது, அக்கா' என்று உங்களில் ஒருவர்கூட இதுவரை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானே கொடுத்திருப்பேனோ என்னவோ. இப்போது நீங்கள் கேட்பது கொடை இல்லை. 'நான் இந்த வீட்டுப் பிள்ளை இல்லை' என்று எழுதித் தரச் சொல்கிறீர்கள்."

குரலை உயர்த்தவில்லை. அழவுமில்லை. பூண்டுத் தோலை முறத்தில் திரட்டிக்கொண்டு உள்ளே சென்றுவிட்டார்.

உறங்காத இரவு

இப்போது முன்பு நிறுத்திய இடத்துக்கு வருகிறேன். வாழை அழிந்த ஆண்டு அக்கா எட்டாம் வகுப்பு. பள்ளியை அத்துடன் நிறுத்தினார்கள். எங்கள் மலைக் காபியெல்லாம் பதப்படுத்துவதற்குப் பட்டிவீரன்பட்டிக்குச் செல்லும். அங்கே கொட்டைகளைத் தரம் பிரித்துப் பொறுக்கும் வேலை பெண்களுக்குரியது. நாள் முழுவதும் குனிந்து, கறுத்ததையும் உடைந்ததையும் நீக்க வேண்டும். அக்கா கீழே அத்தை வீட்டில் தங்கி, ஆண்டுக்கணக்கில் அந்த வேலைக்குச் சென்றார். அண்ணனின் பள்ளிக் கட்டணம் அதிலிருந்து வந்தது. நான் சிறிய குருமடத்துக்குப் புறப்பட்டபோது எடுத்துச் சென்ற தகரப் பெட்டியும் இரண்டு வேட்டிகளும் அதிலிருந்து வந்தவை. எங்களை ஒரு நிலைக்குக் கொண்டுவந்த பின்னரே அவர் திருமணம் செய்துகொண்டார். கணவரை இழந்த பிறகும், அம்மாவைத் தம் வீட்டில் வைத்து ஆறு ஆண்டுகள் கவனித்தவரும் அவரே.

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, கைவிளக்கு வெளிச்சத்தில் அந்தத் தாள்களை முதன்முறையாக வாசித்தேன். அக்காவும் தங்கையும் விட்டுக்கொடுக்கும் உரிமை யாருக்குச் சேரும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. ஆண் மக்கள் மூவருக்கு. மூன்றாமவர் வேறு யாருமல்லர், நானே. மறைமாவட்டக் குருக்கள் வறுமை வார்த்தைப்பாடு கொடுப்பவரல்லர். சொத்து எங்கள் பெயரில் இருக்கலாம். ஆக, என் அக்காளுக்குத் துறவைப் பற்றி இரவில் நான் செய்த போதனையால் பயன்பெறுவோர் பட்டியலில் என் பெயரும் இருந்தது.

அதைவிட வெட்கத்துக்குரிய இன்னொன்று உண்டு. இதே பொருள் பற்றி என் பங்கின் மாதர் சங்கத்தில் நானே வகுப்பு எடுத்திருக்கிறேன். ஒரு கைம்பெண்ணுக்கு நேர்ந்த சிக்கலின் பொருட்டு வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுக் குறிப்பெடுத்து, சட்டம் என்ன கூறுகிறது என்று விளக்கியவன் நான். ஊருக்குத்தான் உபதேசம் என்னும் பழமொழி என்னைக் குறித்தே சொல்லப்பட்டது போலிருந்தது.

பூசைக்கு முன்

மறுநாள் காலை தாழ்வாரத்தில் பூசை நிறைவேற்றுவதாக ஏற்பாடு. மேசைமேல் வெள்ளைத் துணி விரித்துப் பிள்ளைகள் காட்டுப் பூக்களை வைத்திருந்தனர். காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு, மனத்தாங்கல் உள்ள சகோதரனிடம் முதலில் சென்று ஒப்புரவாகிவா என்று ஆண்டவர் போதித்திருக்கையில், நான் எந்த முகத்தோடு தொடங்குவேன்? சிறுவர்களை ஊற்றுப் பக்கம் அனுப்பிவிட்டுப் பெரியவர்களை அமரச் சொன்னேன். நேற்றிரவு அக்காவிடம் நான் பேசியதையும், அது தவறு என்பதையும் எல்லோர் முன்னும் சொன்னேன். அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். பின்பு சட்டத்தைச் சொன்னேன்.

அதை உங்களுக்கும் சொல்ல வேண்டும். ஏனெனில் நம் குடும்பங்களில் பலர் இதைத் தவறாகவே விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். கிறிஸ்தவர்களாகிய நமக்குப் பொருந்துவது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். ஒருவர் உயில் எழுதாமல் இறந்து, மனைவியும் மக்களும் இருந்தால், மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு. எஞ்சிய இரண்டு பங்கு மக்களுக்குச் சரிசமமாக. மகன், மகள் என்ற வேறுபாடு அச்சட்டத்தில் இல்லை. எங்கள் தந்தையார் உயில் எழுதவில்லை. எனவே அவருடைய சொத்தைப் பதினைந்து கூறாக்கினால் அம்மாவுக்கு ஐந்து, எங்கள் ஐவருக்கும் தலைக்கு இரண்டு. அம்மாவும் உயிலின்றி இறந்தபோது அந்த ஐந்தும் தலைக்கு ஒன்றாகப் பிரிந்தது. ஆக ஒவ்வொருவருக்கும் மூன்று கூறு, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. அக்காவுக்கும் அவ்வளவே, எனக்கும் அவ்வளவே.

"அக்காவுக்குத்தான் கலியாணத்தில் பத்துப் பவுன் போட்டோமே?" என்றான் தம்பி.

இக்கேள்வி எல்லா வீட்டிலும் எழுவது. சட்டத்தின் 49-ஆம் பிரிவு இதற்கு நேர்விடை தருகிறது. தகப்பன் தம் வாழ்நாளில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்த பணமோ பொருளோ, உயிலில்லாச் சொத்தில் அப்பிள்ளையின் பங்கைக் கணக்கிடும்போது கழிக்கப்படலாகாது. சீர் கொடுத்தோம், நகை போட்டோம் என்பது பங்கை மறுக்கக் காரணமாகாது.

நான் இதைச் சொல்லி முடிக்குமுன் அண்ணன் பேசினார். அவர் அதிகம் பேசாதவர். தலையைக் குனிந்தவாறே, "அந்தப் பத்துப் பவுனில் ஆறு பவுன் அக்கா காபிக் கொட்டை பொறுக்கிச் சேர்த்தது. அப்பா என்னிடம் சொல்லியிருக்கிறார். இத்தனை நாள் நான் அதைச் சொல்லாமல் இருந்தது பிசகு" என்றார்.

சற்று நேரம் கல்தொட்டியில் தண்ணீர் விழும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு யாரும் எதிர்பாராத விதமாக, அண்ணனின் மனைவி வாய் திறந்தார். "என் பிறந்த வீட்டில் நானும் இப்படி ஒரு கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை, அன்பாகத்தான் கேட்டார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு நான் விருந்தாளியாகத்தான் போய்வருகிறேன். பானையைத் திறந்து சோறு போட்டுக்கொள்ள எனக்குக் கை வருவதில்லை."

தங்கை அழத் தொடங்கினாள். "நானும் சரியென்றது மனமொப்பி இல்லை. மறுத்தால் அடுத்த ஆண்டு இங்கே அழைக்கமாட்டீர்களோ என்ற பயம்தான்" என்றாள்.

அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. எங்கள் ஒற்றுமை என்று நான் பெருமை கொண்டிருந்தது, உடன்பிறந்த ஒருத்தியின் அச்சத்தின்மேல் நின்றுகொண்டிருந்தது.

தம்பி எழுந்து தோட்டத்துக்குள் நடந்துவிட்டான். அவனுக்காக நாங்கள் காத்திருந்தோம். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வந்து, கடைசி வரிசையில் அமர்ந்தான். பூசை தொடங்கியது. சமாதானம் பரிமாறும் நேரத்தில் அவன் யார் பக்கமும் திரும்பவில்லை. அக்காதான் எழுந்து சென்று அவன் தலைமேல் கைவைத்தார்.

பங்கு பிரிப்போரும் பங்கு கேட்போரும்

சொத்துத் தகராறு என்றாலே குருக்களாகிய நாங்கள் லூக்கா நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தை எடுப்போம். தன் சகோதரனிடம் பங்கு வாங்கித் தருமாறு ஒருவன் கேட்டபோது, பாகம் பிரிப்பவனாக என்னை அமர்த்தியவர் யார் என்று ஆண்டவர் வினவி, பேராசையைக் குறித்து எச்சரித்தார். இதைக் காட்டி, பங்கு கேட்டு வருவோரின் வாயை நான் பலமுறை அடைத்திருக்கிறேன். ஆனால் நற்செய்தியைக் கூர்ந்து வாசியுங்கள். அந்த எச்சரிக்கை கேட்டவன் ஒருவனுக்கு மட்டும் கூறப்பட்டதன்று, அங்கிருந்தோர் எல்லோருக்கும் கூறப்பட்டது. பங்கைக் கொடாமல் கைக்குள் வைத்திருந்த சகோதரனுக்கும் அது பொருந்தும். கேட்பவரின் ஆசை கண்ணுக்குத் தெரியும். வைத்திருப்பவரின் ஆசை ஒற்றுமை என்னும் போர்வைக்குள் உறங்கும்.

எண்ணிக்கை நூலின் 27-ஆம் அதிகாரத்தில் செலொபுகாதின் புதல்வியர் ஐவர், மோசேயின் முன்னும் குருவின் முன்னும் சபையார் முன்னும் நின்று தம் தந்தையின் உரிமையில் பங்கு கேட்டனர். ஆண் வாரிசு இல்லாத வீடு அது. மோசே தாமாகத் தீர்ப்புக் கூறாமல் ஆண்டவரிடம் கொண்டுசென்றார். அப்பெண்கள் கேட்பது நியாயமே என்று ஆண்டவர் விடை கொடுத்தார். கேட்டதற்காக அவர்களை யாரும் குடும்பத்தைப் பிரிப்பவர்கள் என்று ஏசியதாக அங்கு எழுதப்படவில்லை.

நம் நாட்டிலும் ஒரு பெண்மணி அவ்வாறு நின்றார். திருவிதாங்கூர்க் கிறிஸ்தவர்களுக்கென 1916-இல் இயற்றப்பட்ட சட்டம், மகனுடைய பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதையே மகளுக்கு அளித்தது. மேரி ராய் என்னும் கேரள அம்மையார் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். அச்சட்டம் 1951-லேயே செயலற்றுவிட்டது, 1925-ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும் என்று 1986 பிப்ரவரி 24-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. 1956 வரை திருவிதாங்கூரோடு இணைந்திருந்த நம் குமரி மாவட்டக் குடும்பங்களும் இதை அறிந்திருப்பது நலம்.

பெற்றோருக்கு ஒரு சொல். கிறிஸ்தவச் சட்டத்தில் பிறப்பால் வரும் பூர்வீகப் பங்கு என்பது கிடையாது. உங்கள் சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் நீங்கள் உயில் எழுதலாம். சாட்சிகள் இருவர் முன் கையொப்பமிட்டு, அவர்களும் கையொப்பமிட்டால் போதும்; பதிவு செய்வது கட்டாயமன்று, ஆயினும் நல்லது. உயிலால் பயன்பெறுபவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். வைத்தால் அவருக்கு எழுதியது செல்லாது. நோயுற்றவர் அருகில் உயிலைப் பற்றிப் பேசுவது அமங்கலம் என்று நாம் எண்ணுகிறோம். எங்கள் தந்தையார் அரைப் பக்கம் எழுதியிருந்தால், அவர் மக்கள் அன்று அவ்வளவு கண்ணீர் விட்டிருக்கமாட்டார்கள்.

அதன் பின் நடந்தது

தோட்டத்தை விற்பதா, வேண்டாமா என்று அன்று நாங்கள் முடிவு செய்யவில்லை. அதற்கு முன்னதாகச் செய்ய வேண்டியதைச் செய்தோம். வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் பெற்று, கூட்டுப் பட்டாவுக்கு மனுக் கொடுத்தோம். பல நடைகளுக்குப் பிறகு, ஐந்து பெயர்களும் கொண்ட பட்டா வந்தது. அதை அக்காவிடம் கொடுக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, எழுத்தின் கீழே விரலை ஓட்டி, முதலில் அப்பா பெயரையும் பின்பு தம் பெயரையும் வாசித்தார். மீண்டும் ஒருமுறை வாசித்தார். "சரியாக எழுதியிருக்கிறார்கள்" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஆண்டு நவம்பரில் காபிப் பழம் பறித்து விற்ற பணம் ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. அக்கா தம் பங்கை எண்ணிப் பார்த்து, அதே உறையில் திரும்ப வைத்து, செவிலியர் படிப்பிலிருந்த தம்பி மகளிடம் கொடுத்தார். "இது உன் அத்தை பணம்" என்றார். அண்ணனும் நானும் எங்களுடையதைச் சேர்த்தோம். கடன் முழுவதும் அடைபடவில்லை, வட்டி நின்றது.

தம்பியின் மனம் முற்றிலும் ஆறிவிட்டது என்று எழுதினால் பொய்யாகும். அடுத்த கோடையில் ஒரே ஒரு நாள் வந்து தங்கிவிட்டுப் போனான். சென்ற ஆண்டு இரண்டு நாட்கள். விற்க வேண்டும் என்னும் பேச்சு இன்னும் இருக்கிறது. ஒருநாள் விற்கவும் நேரலாம். விற்றால் ஐவரும் கூடி அமர்ந்து விற்போம். இன்னொரு மாற்றமும் உண்டு. இப்போது மலைவீட்டில் முறை வைத்துச் சமைக்கிறோம். என் முறை வரும் நாளில் பிள்ளைகள் பழங்களை உண்டு பசியாறுகிறார்கள். அக்கா தாழ்வாரத்துச் சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டி அமர்ந்து, உப்புக் குறைவு என்று குற்றம் சொல்கிறார். அவர் அமர்வது அம்மா அமர்ந்த இடத்தில்.

குடும்பத்தாரே, இக்கோடையிலும் நீங்கள் பலர் கூடுவீர்கள். மலையிலோ, கடற்கரையிலோ, சொந்த ஊரின் பழைய வீட்டிலோ கூடுவீர்கள். கூடி உண்ணுங்கள், செபியுங்கள், பிள்ளைகளுக்கு உறவுமுறை சொல்லிக் கொடுங்கள். அடுப்படியில் யார் நிற்கிறார் என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். கூட்டம் கலையுமுன் அந்த வீட்டின் பட்டாவை எடுத்து விரியுங்கள். அதில் யாருடைய பெயர் இல்லை என்று பார்த்து, அவரை அருகே அழைத்து, "இது உனக்கும் உரியது" என்று சொல்லுங்கள். அவர் அதை வைத்துக்கொள்வதும் உங்களுக்கே திருப்பித் தருவதும் அவர் விருப்பம்.

ஆண்டவர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.